இடது கைக்கு ஆள் இருக்கிறது

மத்திய மலைநாட்டு மகளிர் கிரிக்கெட் மேம்பாட்டுச் சம்மேளனத்துக்கு ஒரு தலைவர், பதினொரு உப தலைவர்கள், ஒரு செயலாளர், ஒன்பது துணைச் செயலாளர்கள், ஒரு போஷகர், கண்டியில் குடியிருக்கும் ஓர் ஆலோசகர் ஆகியோர் இருந்தார்கள். பந்து இரண்டு இருந்தது. ஒன்று விளையாடுவதற்கு. மற்றது தலைவரின் மேசைமேல் கண்ணாடிப் பெட்டிக்குள், வருகிறவர்கள் பார்த்துவிட்டுப் போவதற்கு.

தலைவரின் முழுப்பெயர் சாமஸ்ரீ தேசகீர்த்தி சேவாரத்னா தங்கவேலாயுதம் ஜே.பி. முதல் மூன்று பட்டங்களையும் அவருக்கு வழங்கியது வேறொரு சம்மேளனம். அதற்கும் அவரே தலைவர்.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பத்தொன்பது வயது நிலக்ஷியும் அவள் தாய் வீரம்மாவும் பஸ் ஏறி ஹட்டனில் இருந்த அந்த அலுவலகத்துக்கு வந்தது ஒரு சின்னச் சந்தேகத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான். ஒரு மாதத்துக்கு முன் லிந்துலையில் சம்மேளனம் ஆள் தெரிவு நடத்தியது. நிலக்ஷி இடது கைச் சுழற்பந்து வீசுவாள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் கூடிக் கலைந்தபின் வெறுமையாகக் கிடக்கும் களத்தில், லயத்து வரிசை வீடுகளிலிருந்த பெண்பிள்ளைகளைச் சேர்த்து ஆடிப் பழகியவள். தெரிவில் இரண்டு ஓவர் போடச் சொன்னார்கள். ஆறு விக்கெட் எடுத்தாள். அதன்பின் கடிதமும் இல்லை, கதையும் இல்லை.

செயலாளர் மோகனசுந்தரம் கோப்பைப் புரட்டிப் பார்த்தார்.

"ஆறு விக்கெட் எடுத்தீங்க. அத யாரும் மறுக்கல. ஆனா பதிவுல ஏறல."

"ஏங்க?" என்றாள் நிலக்ஷி.

"சம்மேளன வீராங்கனை எடுத்தா அது விக்கெட். மத்தவங்க எடுத்தா அது சம்பவம்."

"அப்ப என்னையும் சம்மேளனத்துல சேத்துக்குங்க சார்."

"சேரணும்னா ரெண்டு வருஷம் சம்மேளனத்துக்கு விளையாடியிருக்கணும்."

வீரம்மா குறுக்கிட்டாள். "சேராம எப்படிங்க விளையாடுறது?"

செயலாளரின் முகம் மலர்ந்தது. "நல்ல கேள்வி. இந்தக் கேள்விக்காகவே போன வருஷம் ஒரு உப குழு போட்டிருக்கோம்."

அந்த நேரம் உள்ளறைக் கதவு திறந்து தலைவரே வெளியே வந்தார். தாயும் மகளும் எழுந்து நின்றார்கள். இருவர் எழுந்து நின்றால் அதைக் கூட்டமாகக் கருதுவது தலைவரின் வழக்கம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகளே! மலையகப் பெண்ணின் கரங்கள் கொழுந்து பறிக்க மட்டுமே படைக்கப்பட்டவை என்று கொக்கரிக்கும் கூட்டத்தை எதிர்த்து, நாற்பது ஆண்டுகளாக மேடை மேடையாக முழங்கி வருகிறவன் நான். அந்த உரிமையோடு சொல்கிறேன். நீ போய்க் கொழுந்து பறி."

"ஐயா, நான் இடது கையில போடுறேன். நம்ம அணியில இடது கைக்காரங்க யாரும்..."

"இடது கைக்கு ஆள் இருக்கிறது" என்றார் தலைவர். "என் தம்பி மகள் சுலக்ஷனா. வலது கைக்காரிதான். பழகிக்கொண்டிருக்கிறாள்."

சம்மேளன அணியில் பதினொரு பேர். உப தலைவர்களும் பதினொரு பேர். ஒவ்வொரு உப தலைவருக்கும் விளையாடும் வயதில் ஒரு மகளோ மருமகளோ இருந்தது இறைவன் செயல். தலைவரின் தம்பியும் ஓர் உப தலைவர்தான்.

நிலக்ஷி அழுதுகொண்டு திரும்பினாள் என்று எழுதினால் அது பொய். பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பதினொரு உப தலைவர்களின் பெயர்களையும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். அலுவலகச் சுவரில் படத்தோடு மாட்டியிருந்தார்கள். தலவாக்கலை தாண்டுவதற்குள் எல்லாப் பெயரும் வரிசையாக வந்துவிட்டது.

அடுத்த மாதம் சம்மேளனத்திலிருந்து ஆள் வந்தது. போட்டி நாட்களில் அணிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க ஒருவர் தேவையாம். வேண்டாம் என்றாள் வீரம்மா. நிலக்ஷி போனாள். மைதானத்துக்குள் காலை வைத்துவிட்டால் பந்தையும் ஒருநாள் கையில் கொடுப்பார்கள் என்று கணக்குப் போட்டாள். இரண்டு வருடம் தண்ணீர் சுமந்தாள். எல்லைக்கோட்டுக்கு வெளியே உருண்டு வரும் பந்தை எடுத்து எறியக்கூட அனுமதி இல்லை; பந்தைத் தொடுவது விளையாட்டு, விளையாடுவதற்கு அவள் பதிவு பெற்றவள் அல்ல. ஆகவே பந்து வந்தால் அதன் பக்கத்தில் போய் நின்று கையை உயர்த்திக் காட்டுவாள். வீராங்கனை ஓடிவந்து எடுத்துக்கொண்டு போவாள்.

இரண்டு வருடம் முடிந்த மறுநாள் செயலாளர் முன் போய் நின்றாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சுங்க சார். சம்மேளனத்தோடதான் இருந்தேன்."

"இருந்தீங்க. விளையாடலயே."

"அப்ப இத்தன நாள் இங்க நின்னேன்னு ஒரு கடிதமாவது குடுங்க. வேற எங்கயாவது காட்டி வேல தேடிக்கிறேன்."

கடிதம் கொடுத்தார்கள். கேட்டால் மறுக்கிற பழக்கம் சம்மேளனத்துக்குக் கிடையாது. இலச்சினை பொறித்த தாளில், தலைவரின் கையொப்பத்தோடு, ஊதா முத்திரையோடு இப்படி இருந்தது: "மேற்படி நபருக்கும் எமது சம்மேளனத்துக்கும் எக்காலத்திலும் எவ்விதத் தொடர்பும் இருந்ததில்லை, இனி இருக்கப்போவதுமில்லை என்பதை மகிழ்ச்சியுடன் உறுதிப்படுத்துகிறோம்."

அந்த வருடமே நிலக்ஷி கட்டாருக்குப் போனாள். பள்ளிக்கூட பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒருநாள் பள்ளி முற்றத்தில் ஒரு பந்து அவள் காலடிக்கு உருண்டு வந்தது. பழக்கதோஷத்தில் பக்கத்தில் நின்று கையை உயர்த்தினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். எறியச் சொல்லிக் கத்தினார்கள். எறியவில்லை, நான்கு எட்டு வைத்து வந்து வீசினாள். தரையில் குத்திய பந்து, யாரோ கயிறு கட்டி இழுத்ததுபோல உள்ளே திரும்பிக் குப்பைத் தொட்டியை அடித்துச் சாய்த்தது.

பார்த்துக்கொண்டிருந்தவர் விளையாட்டு ஆசிரியை ஜிப்ரியா. கண்டிப் பக்கத்து அக்குறணைக்காரர். அந்த நாட்டுப் பெண்கள் அணிக்குப் பயிற்சி கொடுப்பவரும் அவர்தான்.

"தங்கச்சி, இதுக்கு முந்தி எங்க விளையாடினீங்க?"

"எங்கயும் இல்லங்க டீச்சர். தண்ணி குடுத்தேன்."

மூன்று வருடம் அங்கேயே தொடர்ந்து குடியிருந்து வேலை செய்தால் அந்த நாட்டு அணிக்கு ஆடலாம் என்பது சர்வதேச விதி. வெள்ளிக்கிழமைகளில் பயிற்சி. முதல் கோடையில் உள்ளங்கால் கொப்பளித்தது. பந்து வீச ஓடிவரும்போது எதிரில் துடுப்போடு நிற்பவளை நிலக்ஷி பார்ப்பதே இல்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்தது ஹட்டனில் ஒரு மேசையும் அதன்மேல் ஒரு கண்ணாடிப் பெட்டியும்தான்.

மூன்று வருடமும் முடிந்து, கட்டார் அணியின் பட்டியலில் அவள் பெயர் வந்தபோது, சம்மேளனம் அவசரமாகக் கூடியது. தலைவர் கண் கலங்கியபடி ஒரு தீர்மானத்தை முன்மொழிந்தார்: "பாலூட்டி வளர்த்த தாய்நாட்டை விட்டு, பந்துக்காக நாடு மாறிய நிலக்ஷியை இச்சம்மேளனம் துரோகி என வன்மையாகக் கண்டிக்கிறது." அலுவலக வாசலில் பெரிய பதாகையும் கட்டினார்கள். "துரோகி நிலக்ஷி!" என்று ஆளுயர எழுத்து.

தோட்டத்தில் சிலர் அதை நம்பினார்கள். பெரட்டுக் களத்தில் ஒருவர் வீரம்மாவிடம் முகத்துக்கு நேரே கேட்டார். "என்ன வீரம்மா, மக நாட்டையே மாத்திட்டாளாமே?"

வீரம்மா கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே சொன்னாள். "பிரஜாவுரிமை கெடைக்காத எங்கப்பாவுக்கு சாகுற வரைக்கும் ஒரு நாடும் இல்ல. எம் மகளுக்கு ரெண்டு கெடைச்சிருக்கு. ஒனக்கு ஏன் வயிறு எரியுது?"

அன்று மாலை போனில் மகளிடம் மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள். "மனசு ஒப்புதா பாப்பா?"

"ஒப்பலம்மா" என்றாள் நிலக்ஷி. "அந்தச் சட்டையப் போடும்போது ஒரு மாதிரி இருக்கு. ஆனா பந்து கையில இருக்கு. அவனுங்க முன்னால ஒருநா போடணும். அது வரைக்கும் ஒப்பாட்டியும் போடுவேன்."

அந்த நாளைச் சம்மேளனமே ஏற்பாடு செய்து கொடுத்தது.

சித்திரையில் கட்டார் அணி குளிரான இடத்தில் பத்து நாள் பயிற்சி எடுக்க நுவரெலியாவுக்கு வருவதாகச் செய்தி வந்தது. பயிற்சியின் முடிவில், உள்ளூர்ப் பெண்பிள்ளைகளில் சிலரைத் தேர்ந்து தோஹாவில் ஒரு மாத முகாமுக்கு அழைத்துப் போவார்களாம். தோஹா என்ற சொல் காதில் விழுந்ததும் சம்மேளனம் மறுபடி அவசரமாகக் கூடியது. பழைய தீர்மானத்தில் "துரோகி" என்ற சொல்லை எடுத்துவிட்டுத் "தூதுவர்" என்ற சொல்லைச் சேர்த்தார்கள். மற்றச் சொற்கள் எல்லாம் அப்படியே இருக்கலாம் என்று செயலாளர் கருதினார். "நாடு மாறிய நிலக்ஷியைத் தூதுவர் என வன்மையாகக் கண்டிக்கிறது" என்று தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பதாகையிலும் அந்த ஒரு சொல்லுக்கு மேல் மட்டும் வெள்ளைத்தாள் ஒட்டி எழுதினார்கள்.

கூடவே ஜிப்ரியாவுக்கு ஒரு கடிதமும் போனது. நிலக்ஷி சம்மேளனத்தின் சொந்த வீராங்கனை என்றும், வெளிநாட்டுப் பயிற்சித் திட்டத்தின்கீழ் தற்காலிகமாகத்தான் இரவல் தரப்பட்டிருக்கிறாள் என்றும், பிரதியுபகாரமாக முகாமுக்கு முப்பது பேரை அழைக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். முப்பது பேரின் விபரமும் இணைக்கப்பட்டிருந்தது: நிர்வாகிகள் இருபத்துநான்கு, வீராங்கனைகள் ஆறு. இடப்பற்றாக்குறை ஏற்பட்டால் வீராங்கனைகளைக் குறைத்துக்கொள்ளலாம்.

ஜிப்ரியா கடிதத்தை நிலக்ஷியிடம் காட்டினார். நிலக்ஷி பெட்டியைத் திறந்து, ஊதா முத்திரை குத்திய தன்னுடைய கடிதத்தை எடுத்துக் கொடுத்தாள். டீச்சர் அதை இரண்டு முறை வாசித்தார். "எவ்வளவு மகிழ்ச்சியா உறுதிப்படுத்தியிருக்காங்க" என்றார்.

கடைசி நாள் லிந்துலையில் சம்மேளனத்தின் மைதானத்தில் போட்டி. ஒரு பக்கம் கட்டார், மறு பக்கம் சம்மேளன அணி. சுற்றியிருந்த மலையெல்லாம் ஆட்கள். அக்கரப்பத்தனையிலிருந்து லொறி பிடித்து வந்திருந்தார்கள். ஹட்டன் அலுவலக வாசலில் இருந்த பதாகையைக் கழற்றி வந்து மேடைக்கு மேலே கட்டியிருந்தார்கள். மேடையில் இருபத்துநான்கு நிர்வாகிகள் ஒரே நிறக் கோட்டு அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். தோஹாவுக்காகத் தைத்தது. மழை வரும்போல இருந்தும் ஒருவரும் பொத்தானைப் பூட்டவில்லை; உள்ளே போட்டிருந்த கழுத்துப்பட்டியும் தெரியவேண்டும் அல்லவா?

போட்டியின் நேர்முக வர்ணனையைத் தலைவரே ஒலிவாங்கியில் செய்தார். முதலில் வரவேற்புரை. "அன்பார்ந்த மலையக மக்களே! இந்தத் தளிரைக் கண்டெடுத்தவன் நான். தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்!"

"தண்ணி ஊத்துனது அவடா!" என்று கூட்டத்தில் ஒரு பெண்குரல் கேட்டது. லயத்தில் நிலக்ஷியோடு ஆடிய ஜீவராணியின் குரல். தலைவர் அதைக் கைதட்டலாக எடுத்துக்கொண்டார்.

கட்டார் முதலில் ஆடியது. சுலக்ஷனா இடது கையால் பந்து வீச வந்தாள். ஏழு வருடப் பழக்கம் வீணாகவில்லை. முதல் பந்து நடுவரின் தொப்பியைத் தட்டியது. இரண்டாவது பந்து மேடைக்குப் போய் உப தலைவர் ஒருவரின் தேநீர்க் கோப்பையை உடைத்தது. "அருமையான திசைமாற்றம்!" என்றார் தலைவர். கட்டார் இருபது ஓவரில் நூற்றெழுபது ஓட்டம் எடுத்தது. அதில் ஐம்பத்திரண்டு சுலக்ஷனா உதிரியாக வழங்கியது.

பிறகு நிலக்ஷி பந்தைக் கையில் எடுத்தாள். மேடையைப் பார்த்தாள். பதினொரு பெயரும் அதே வரிசையில் நினைவுக்கு வந்தன. எதிரே வந்தவள் முதலாம் உப தலைவரின் மகள். பந்து குத்தித் திரும்பியது, நடுத்தடி பறந்தது. மனதுக்குள் ஒரு பெயரை அடித்தாள். அடுத்து வந்தவளுக்கும் அதே பந்து. அடுத்த பெயர். அந்தப் பிள்ளைகள்மேல் அவளுக்குக் கோபம் இல்லை. ஆனால் இரக்கமும் காட்டவில்லை. அவள் வாழ்நாளில் அவ்வளவு இனிப்பாக எதையும் ருசித்தது கிடையாது.

ஒலிவாங்கியைப் பிடித்தவர் தலைவர் ஆகையால் ஒவ்வொரு விக்கெட்டையும் அவரே அறிவிக்க வேண்டியிருந்தது. "நிலக்ஷி... ஆட்டமிழப்பு. மறுபடியும் நிலக்ஷி. மீண்டும்... அதே நபர்." நான்காவது விக்கெட்டோடு தூறல் தொடங்கியது. பதாகையில் ஒட்டிய வெள்ளைத்தாள் நனைந்து, மெல்ல உரிந்து, ஐந்தாவது விக்கெட்டின்போது விழுந்தது. தலைவரின் தலைக்கு மேலே "துரோகி நிலக்ஷி!" என்று ஆளுயர எழுத்து நின்றது. தலைவர் அதைப் பார்க்கவில்லை. "நம் மண்ணின் தூதுவர்! மேலே எழுதியிருப்பதே சாட்சி!" என்று கையை உயர்த்திக் காட்டினார். மலை முழுவதும் சிரித்தது.

எட்டாவதாக வந்தவள் சுலக்ஷனா. அவளுக்கென்று நிலக்ஷி தனியாக ஒரு பந்தை எடுத்து வைத்திருந்தாள். அது விரலிலிருந்து வேண்டிய மாதிரியே வழுக்கிப் போனது. சுலக்ஷனாவின் தடி சாய்ந்தது. போகிற வழியில் அவள் நிலக்ஷியின் பக்கத்தில் நின்றாள்.

"அக்கா, பெரியப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லுவீங்களா? நான் வலது கையில நல்லா போடுவேன். வேகமா. ஏழு வருஷமா போட விடல."

இத்தனை வருடமும் நிலக்ஷி திட்டித் தீர்த்த பெயர்களில் இதுதான் முதல் பெயர். "அவருகிட்ட நான் ஒரு வார்த்த இல்ல, நெறைய சொல்லப்போறேன்" என்றாள். "நீ போய் உக்காரு."

சம்மேளன அணி பத்தொன்பது ஓட்டத்துக்குச் சுருண்டது. நிலக்ஷிக்கு ஒன்பது விக்கெட். ஒன்று ரன் அவுட், ஒருத்தி ஆட்டமிழக்காமல் நின்றாள். அந்த இரண்டு உப தலைவர்களை மட்டும் தப்பவிட்டதில் அவளுக்கு இன்றுவரை மனக்குறை உண்டு.

பரிசளிப்பில் தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். "இந்த ஒன்பது விக்கெட்டும் சம்மேளனத்தின் விக்கெட்டுகளே! நாம் அன்று அவளைச் சேர்த்திருந்தால் அவள் கட்டாருக்குப் போயிருப்பாளா? நாம் துரத்தியதால் அல்லவா உயர்ந்தாள்? ஆகவே இன்னும் பலரைத் துரத்த உறுதி பூணுவோம்!" நிர்வாகிகள் கைதட்டினார்கள்.

ஜிப்ரியா ஒலிவாங்கியை வாங்கினார். முகாமுக்குப் பன்னிரண்டு பெண்பிள்ளைகள், பொறுப்பாக ஒரே ஒரு முகாமையாளர். மொத்தம் பதின்மூன்று பேர், ஒருவர்கூட அதிகம் இல்லை. யார் யார் என்பதை இந்த ஊரைத் தெரிந்த நிலக்ஷியே முடிவு செய்வாள் என்றார்.

மேடையில் இருபத்துநான்கு கோட்டுகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன.

அடுத்த மூன்று நாளும் நிலக்ஷியின் லயத்துக்கு வாகனம் வந்தபடி இருந்தது. உப தலைவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர் கோள் சொன்னார்கள். செயலாளர், கிரிக்கெட்டில் தலைவருக்கு எதுவுமே தெரியாது என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தார். தலைவர், செயலாளரைப் பற்றி அதையே கொடுத்தார். இரண்டையும் வாங்கி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் பிளேன்டீ கொடுத்து அனுப்பினாள் நிலக்ஷி. கடைசியில் வந்த தலைவர் கதவோரம் நின்று குரலைத் தாழ்த்தினார்.

"மகளே, அந்த ஒரு இடம் எனக்குத்தானே? ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். கோட்டும் தைத்தாயிற்று."

"ஒங்கள மறப்பேனாங்க ஐயா?" என்றாள் நிலக்ஷி. மறக்கவில்லை என்பது உண்மைதான்.

பட்டியல் வெளிவந்தது. ஜீவராணி முதலாகப் பதினொரு பேரும் பெரட்டுக் களத்தில் அவளோடு ஆடிய தோட்டத்துப் பிள்ளைகள். பன்னிரண்டாவது பெயர்: சுலக்ஷனா, வேகப்பந்து, வலது கை. முகாமையாளர்: வீரம்மா, கொழுந்து பறிப்பவர்.

தலைவரும் செயலாளரும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதிக் கொடுத்த கடிதங்கள் இரண்டையும் நிலக்ஷி ஹட்டன் அலுவலகச் சுவரில், தலைவர், செயலாளர் படங்களுக்குக் கீழே ஒட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். சம்மேளனம் இரண்டாகப் பிளந்தது. இப்போது இரண்டு தலைவர்கள், இருபத்திரண்டு உப தலைவர்கள்.

பிள்ளைகள் புறப்படும் நாளில் பஸ்ஸுக்கு முன்னால் வழியனுப்பு விழா நடந்தது. வேறு வழியில்லாமல் தலைவரே சம்மேளனக் கொடியை முகாமையாளர் கையில் கொடுக்க வேண்டியிருந்தது. பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். தலைவரால் பொறுக்க முடியவில்லை. சிரித்த முகத்தோடே பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, ஒனக்குக் கிரிக்கெட்டப் பத்தி என்ன தெரியும்?"

நாற்பது வருடத்தில் அவர் மேடைத் தமிழை விட்டுப் பேசியது அன்றுதான்.

வீரம்மா கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு பிள்ளைகளும் ஏறிவிட்டார்களா என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாள்.

"ஒன்னுமே தெரியாதுங்க ஐயா" என்றாள். "ஆனா எனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பஸ் எடுக்கப் போறாங்க."